வாசலும் பந்தியும்: தமிழகத் திருச்சபைகளில் புதிதாய் வந்தவர்களின் வரலாறு



மறைந்த தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நாம் நடத்தும் இச்சொற்பொழிவு இம்முறை புளியஞ்சோலையில் நடக்கிறது. துறையூர் வட்டத்தில், கொல்லிமலை சமவெளியைத் தொடும் இடம் இது. மலைமேல் ஆகாயகங்கையாக விழும் அய்யாறு இவ்வழியாகத்தான் கீழே இறங்குகிறது. மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் நாடுகள். கீழே ஊர்களும் சேரிகளும். மேலே இருப்பவர் மதம் மாறினால் சட்டம் ஒருவிதமாகப் பேசுகிறது. கீழே சேரியில் இருப்பவர் மதம் மாறினால் அதே சட்டம் வேறுவிதமாகப் பேசுகிறது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் சொல்வோம். அதற்கு முன் ஒரு பழைய கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது: ஒரு சபைக்குப் புதிதாக வந்தவரை அந்தச் சபை என்ன செய்தது?

இன்று பல சபைகளில் வரவேற்புக் குழு இருக்கிறது. வாசலில் நின்று கைகுலுக்குகிறார்கள். ஆராதனையின் நடுவில் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுகிறார்கள். முடிந்ததும் தேநீர் தருகிறார்கள், பெயரும் முகவரியும் வாங்கிக்கொள்கிறார்கள், வாரத்தின் நடுவில் வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறார்கள். இவற்றில் தவறில்லை, நல்லதுதான். ஆனால் தலித் மக்களின் அனுபவம் வாசலோடு முடிவதில்லை. வாசலைத் தாண்டியபின் எங்கே உட்கார வைத்தார்கள், யாரோடு உண்ண வைத்தார்கள், யார் வீட்டுக்கு வந்தார்கள், செத்தபின் எங்கே புதைத்தார்கள் என்பதுதான் அந்த வரலாறு. நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அதன் சில பக்கங்களை இங்கே புரட்டுகிறோம்.

மலைக்கு வந்த விருந்தாளிகள்

முதலில் நாம் இருக்கும் இந்த மலையிலிருந்தே தொடங்கலாம். 1913இல் திருமணம் செய்துகொண்ட ஜெஸ்ஸி மேன் பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியர்களாகக் கொல்லிமலையில் குடியேறினர். வாழவந்தி அவர்களுடைய இருப்பிடமாயிற்று. பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலகறிந்த பால் பிராண்ட், 1914இல் இம்மலையில் பிறந்த அவர்களுடைய மகன்.

இங்கே முதலில் கவனிக்க வேண்டியது, புதிதாக வந்தவர்கள் மலைமக்கள் அல்லர் என்பது. வந்தவர்கள் பிராண்ட் தம்பதியர். வீட்டுக்காரர்கள் மலைமக்கள். மிஷன் வரலாறுகள் இதை அடிக்கடி மறந்துவிடுகின்றன. வந்தவரை வீட்டுக்காரராகவும், இருந்தவரை விருந்தாளியாகவும் எழுதிவிடுகின்றன. பிராண்ட் தம்பதியர் மருந்து கொடுத்தார்கள், நரம்புச் சிலந்திப் புழுக்களை உடலிலிருந்து எடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சு வேலை கற்பித்தார்கள். மலைமக்களைச் சுரண்டியவர்களுக்கு எதிராக ஜெஸ்ஸி பிராண்ட் அரசுக்கு மனு எழுதினார். ஆனாலும் பல ஆண்டுகள் மலைமக்களில் ஒருவரும் ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டார்கள், மதத்தை வாங்கவில்லை.

மாற்றம் வந்தது ஒரு கொள்ளைக் காய்ச்சலில். அதுவரை எதிர்த்து நின்ற உள்ளூர்ப் பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தார்கள். அக்கம்பக்கத்தார் நெருங்க அஞ்சிய அந்த வீட்டுக்குள் பிராண்ட் தம்பதியர் போனார்கள். இறக்கும் தறுவாயில் அந்தப் பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். கைக்குழந்தையாயிருந்த மகளுக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். மலையில் சபை உருவான கதை இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் சொல்லப்படுகிறது. 1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் ஓய்வு வயது கடந்தும் மலைகளைவிட்டுப் போகாமல் 1974இல், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார்.

இவர்களைப் புனிதர்களாக்குவது நம் வேலையன்று. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் வெள்ளையராய் இருந்ததன் வசதி அவர்களுக்கு இருந்தது. அவர்களுடைய மிஷனின் பெயரிலேயே ஒரு வேலி உண்டு. 'ஸ்ட்ரிக்ட்' என்றால் கண்டிப்பான என்று பொருள். முறைப்படி முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே திருவிருந்து என்ற கண்டிப்பு அது. ஆனால் அந்த வேலி ஒருவர் செய்துகொண்ட முடிவைப் பார்த்தது. அவர் பிறந்த குடிசையைப் பார்க்கவில்லை. ஒரு சமூகம் தனக்கென்று ஒழுங்கு வைத்துக்கொள்வதற்கும், பிறப்பைப் பார்த்து வரிசை பிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே குறித்துக்கொள்வோம். நோயாளியின் வீட்டுக்குள் நுழைவது என்ற செயலையும் குறித்துக்கொள்வோம். ஏனெனில் இதே செயலுக்காக இருநூறு ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரி வரை ஒரு வழக்கு நடந்தது.

சேரிக்குள் நுழையாத குரு

ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அப்போதே அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குருவின் கோயில் இருந்தது. பரவரும் போர்த்துகீசியரும் அங்கே வழிபட்டனர். நொபிலி அதிலிருந்து விலகித் தனி வீடு, தனிச் சமையல், காவி உடை என்று ஒரு சந்நியாசியாக வாழ்ந்தார். உயர்சாதியார் உள்ளே வரவேண்டுமென்றால், ஏற்கனவே உள்ளே இருப்பவர்களோடு தமக்குத் தொடர்பு இல்லை என்று காட்டவேண்டும் என்பது அவருடைய கணக்கு. 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூல், குடுமி போன்றவற்றைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். பின்னர் தாழ்த்தப்பட்டவர்களிடையே பணிபுரிய 'பண்டாரசாமிகள்' என்ற தனிப்பிரிவுக் குருக்கள் வந்தனர். அதாவது, புதிதாக வருகிறவரின் சாதிக்கு ஏற்ப வரவேற்பாளர் மாறினார்.

இதன் விளைவு 1704இல் வெளிப்பட்டது. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் பிறப்பித்த ஆணையில் ஒரு பகுதி நம் கவனத்துக்குரியது. சாகக் கிடக்கும் பறையர் கிறிஸ்தவர்களின் குடிசைக்குள் சென்று கடைசி அருட்சாதனங்களைக் கொடுக்க மிஷனரிகள் மறுக்கக்கூடாது என்று அது கட்டளையிட்டது. அப்படியானால் அதுவரை என்ன நடந்தது என்பதை ஆணையே நமக்குச் சொல்லிவிடுகிறது. ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் சாகும்போது வீட்டுக்குள் வரவில்லை. சேரிக்குள் போன குருவை ஊரார் தம் வீட்டில் சேர்க்கமாட்டார்கள் என்பது மிஷனரிகளின் வாதம். அந்த வாதம் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசரின் ஆணையோடு, பறையர்களுக்கென்றே தனி மிஷனரிகளை ஒதுக்கலாம் என்ற ஏற்பாட்டில் அது போய் முடிந்தது. சேரிக்குள் நுழைய வேண்டும் என்ற கட்டளை, சேரிக்கென்று ஒரு தனிக்குரு என்ற சமரசமாகச் சுருங்கிற்று.

வரவேற்பு என்பது அவர்கள் நம் வாசலுக்கு வருவது மட்டுமன்று. நாம் அவர்கள் வாசலுக்குப் போவதும் அதில் பாதி. அந்தப் பாதியைத் தமிழகத் திருச்சபை நெடுங்காலம் தள்ளிப்போட்டது.

முதலில் வந்தவர்கள் கடைசியில் உட்கார்ந்தார்கள்

சீர்திருத்த சபைகளுக்கு வருவோம். சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினர். 1707இல் அவர்கள் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். அச்சபையின் அடித்தளத்தில் அடிமைகள் இருக்கிறார்கள். ஆனால் சபை வளர வளர, வேளாளர் முதலிய சாதியாரும் பறையரும் ஆலயத்தினுள்ளேயே தனித்தனியாக அமர்த்தப்பட்டனர். முதலில் வந்தவர்கள் யார், பின்னால் வந்தவர்கள் யார் என்பது இருக்கையைத் தீர்மானிக்கவில்லை. வெளியே இருந்த வரிசையே உள்ளேயும் வரிசையாயிற்று.

இருக்கையைவிடக் கூர்மையான ஒரு நிகழ்வு உண்டு. தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தவர் ராஜநாயக்கன். பறையர் சமூகத்தவர், படைவீரராயிருந்தவர், தமிழில் அச்சான வேதத்தை வாசித்து லுத்தரன் சபைக்கு வந்தவர். தஞ்சை நாட்டில் சபைகள் பரவ அவருடைய பங்கு பெரிது. 1733இல் வேளாளரான ஆரோன் குருவானவராக அபிஷேகம் பெற்றார். அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. அவர் கையால் திருவிருந்து வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்ற காரணத்தால் அவர் ஒதுக்கப்பட்டார். 1741இல் தியோகு அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்து மறைந்தார்.

மாணவ நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ராஜநாயக்கனை எவரும் வெளியே போகச் சொல்லவில்லை. அவருடைய உழைப்பைப் பாராட்டி அறிக்கைகள் எழுதினார்கள். உழைக்க இடம் இருந்தது. கொடுக்கும் கை அவருடையதாக இருக்கத்தான் இடமில்லை. இன்றும் ஒரு சபையில் புதியவர்களுக்கு உண்மையான இடம் இருக்கிறதா என்று அறிய வாசலைப் பார்த்துப் பயனில்லை. பீடத்தையும், கமிட்டியையும், கணக்கு வழக்கையும் பார்க்கவேண்டும்.

ஒரே பந்தியில் உண்ண முடியுமா

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேறுபாட்டை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும். ஆலய இருக்கையிலும் திருவிருந்திலும் திருமணத்திலும் அது தலைகாட்டக்கூடாது என்பது அதன் சாரம். தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். பலர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தினர். தஞ்சையின் புகழ்பெற்ற கீர்த்தனைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் சாதி வழக்கத்தை ஆதரித்து வாதாடினார். சமத்துவத்தைக் கேட்டதும் வெளிநடப்புச் செய்தவர்கள் நெடுங்காலக் கிறிஸ்தவர்கள்.

மதுரையில் அமெரிக்க மிஷன் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1847இல் சாதியை விட்டதற்கு அடையாளம் கேட்டார்கள். வாயால் சொன்னால் போதாது. எச்சாதியார் சமைத்த உணவாயினும் உண்ணவேண்டும். 'அன்பின் விருந்து' என்ற பெயரில் எல்லாரும் கூடி உண்ணும் பந்தி நடத்தப்பட்டது. உண்ண மறுத்தவர்கள், உபதேசியார்கள் உட்பட, நீக்கப்பட்டனர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் சாதியைக் கண்டித்து, கூடி உண்பதையே சோதனையாக வைத்தது. ஆனால் தரங்கம்பாடிப் பணியை ஏற்றிருந்த லைப்சிக் மிஷன் உடன்படவில்லை. சாதி என்பது சமூக வழக்கம், மெல்ல மெல்லத்தான் போகும் என்று அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் எழுதினார். மற்ற சபைகளில் பந்தியை மறுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அங்கே இடம் கிடைத்தது.

இந்த வரலாற்றில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. சமத்துவத்தை ஏற்காதவரை வரவேற்க எப்போதும் இன்னொரு சபை தயாராயிருந்தது. எண்ணிக்கைக்காகப் போட்டியிடும் சபைகள் நிறைந்த இடத்தில், சாதியை விடாதவருக்குப் பேரம் பேசும் வலு கிடைத்துவிடுகிறது. வரவேற்பு என்பது எல்லாருக்கும் இன்முகம் காட்டுவது என்று வைத்துக்கொண்டால், பந்தியிலிருந்து எழுந்து போகிறவரின் மனம் நோகாமலிருக்க, பந்தியில் உட்கார வந்தவரைத் திருப்பி அனுப்ப நேரிடும். இரண்டு பேரையும் ஒருசேர மகிழ்விக்க வழியில்லை.

அழைத்தவர் யார்

இதுவரை சொன்னதில் மக்கள் யாரோ திறந்த வாசலுக்குள் நுழைந்தவர்களாகவே தெரிகிறார்கள். அது முழு உண்மையன்று. தென் திருவிதாங்கூரில் மயிலாடி என்ற ஊரில் சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர் மகாராசன். புண்ணியத் தலங்களைத் தேடி வடக்கே பயணம் போனவர், தஞ்சையில் உறவினர் வழியாகக் கிறிஸ்தவ வழிபாட்டைக் கண்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தம் மக்களிடையே தாமே சபையைக் கூட்டினார். பிறகுதான் மிஷனரியை அழைத்தார். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது, அவரை எதிர்கொண்டவர் வேதமாணிக்கம். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே புறப்பட்டுப் போனபின், 1818இல் மீட் வரும்வரை சபைகளைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. தென் திருவிதாங்கூர் சீர்திருத்த சபையின் வீட்டுக்காரர் ஒரு தலித். வெள்ளைக்காரர் அங்கே விருந்தாளி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஞ்சங்களுக்கு இடையே சேரிகள் சேரிகளாக மக்கள் சபையில் சேர்ந்தபோது, ஒரு சந்தேகம் பரவலாக எழுந்தது. இவர்கள் ஆன்மாவுக்காக வருகிறார்களா, சோற்றுக்காக வருகிறார்களா? மிஷனரிகளே இதைக் கேட்டார்கள். காத்திருக்க வைத்தார்கள், சோதித்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் வந்தவர்கள் நிலத்தையும் மனைக்கட்டையும் பற்றியும், பண்ணையடிமை முறையைப் பற்றியும் பேசினார்கள். ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையும் மிஷனரிகளின் கோரிக்கைகளும் சேர்ந்து, 1892இல் பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு வழிவகுத்தன. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று மீட்கப் போராடுவது அதைத்தான்.

சோற்றுக்காக வந்தார்கள் என்ற ஏளனத்தை நாம் நேராகவே எதிர்கொள்ள வேண்டும். நிலத்துக்காகவும் மானத்துக்காகவும் பள்ளிக்கூடத்துக்காகவும் ஒருவர் ஒரு சமூகத்தைத் தேடி வந்தால் அதில் குறையொன்றுமில்லை. குடுமிக்கும் பூணூலுக்கும் அனுமதி கேட்டு வந்தவர்களின் நோக்கத்தை எவரும் இப்படிச் சோதிக்கவில்லை. பசியோடு வந்தவரிடம் மட்டுமே தூய நோக்கம் கேட்கப்பட்டது. அயோத்திதாசப் பண்டிதர் சாதிப் பெயர்களோடு சபைக்குள் உலவியவர்களைத் தம் இதழில் கடுமையாகக் கண்டித்ததும், பௌத்தத்தை நோக்கி மக்களை அழைத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

சுவரும் சட்டமும்

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம் இரு கிளைகளாகக் கட்டப்பட்டது; ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார், இருவரும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் தொடவேண்டாம். 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் நடுச்சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதிப்படி தனியிடம் கேட்கும் உரிமை இல்லை என்றாயிற்று. இது தலித்துகள் தொடுத்த வழக்கன்று என்றாலும் நமக்கும் நல்ல தீர்ப்பே.

ஆனால் அதே தர்க்கம் இன்னொரு நாள் நமக்கு எதிராகத் திரும்பியது. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதியார் என்ற தகுதியை இந்துக்களோடு வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தோழர், பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலை, அதே ஊசியால் தைத்தவர்களுக்குக் கடை கிடைத்தது. கிறிஸ்தவர் என்பதால் இவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பின்னும் அந்தச் சமூகக் கொடுமைகள் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதைக் காட்டப் போதிய சான்று இல்லை என்றது.

சான்று எங்கே என்று கேட்டால் நாம் இதுவரை சொன்னவை அனைத்தும் சான்று. சைமன் குழுவின் முன் தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் கொடுத்த மனு சான்று. கிறிஸ்தவர்களான பிறகும் தீண்டாதவர்களாகவே இருக்கிறோம் என்ற அவர்களின் முறையீட்டை அம்பேத்கர் தம் எழுத்தில் எடுத்துவைத்திருக்கிறார். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைப் பிரித்து நின்ற சுவர் சான்று. 'கருக்கு' சான்று, 1992இல் வெளிவந்த அந்நூலில், கன்னியர் மடத்தில் சேர்ந்த பின்னும் தம் சாதி தம்மை விடாததைப் பாமா எழுதினார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையும் திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது.

எங்களிடம் சாதி இல்லை என்று சபை சொல்கிறது. உங்கள் மதத்தில் சாதி இல்லையே என்று அரசு சொல்கிறது. இருவரும் சொல்வது ஒரே வாக்கியம். தலித் கிறிஸ்தவர் அந்த வாக்கியத்தின் இரு முனைகளிலும் இழக்கிறார்.

இப்போது புளியஞ்சோலைக்குத் திரும்புவோம். மலைமேல் இருக்கும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். பழங்குடியினருக்கான 1950ஆம் ஆண்டு ஆணையில் மதக் கட்டுப்பாடு இல்லை. பிராண்ட் தம்பதியரின் சபையில் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கிறிஸ்தவர்களாய் இருந்துகொண்டே பழங்குடிச் சான்றிதழ் பெறலாம்; அது அவர்களுக்கு உரியது, அதை நாம் காக்கவேண்டும். மலையடிவாரச் சேரியில் ஒருவர் அதே ஞானஸ்நானம் பெற்றால் பட்டியல் சாதிச் சான்றிதழை இழந்து, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் போய்விடுகின்றன. ஞானஸ்நானத் தொட்டியில் ஊற்றும் தண்ணீர் ஒன்றுதான். வெளியே வரும்போது ஒருவருக்குச் சட்டம் கூட வருகிறது, மற்றவரை விட்டுப் போகிறது. இதனால் எத்தனையோ குடும்பங்கள் சபையில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழ்கின்றன. ஞாயிற்றுக்கிழமை புதியவர்களிடம் பெயரும் முகவரியும் எழுதி வாங்கும் நல்ல உள்ளங்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். அந்தத் தாளில் பெயரெழுதத் தயங்குகிறவருக்கு விசுவாசம் குறைவென்று எண்ணிவிடக்கூடாது.

2022இல் ஒன்றிய அரசு இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. ஆணையங்கள் முன் வைக்கத் தேவைப்படுவது நாம் சேர்த்து வைக்கும் ஆவணங்கள்தான்.

தனி ஆலயம் கேட்பது பிரிவினையா

எறையூரில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை. வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே மறையைச் சேர்ந்தவர்கள். இருக்கையிலும் இறுதி ஊர்வலப் பாதையிலும் கல்லறையிலும் பாகுபாட்டை எதிர்த்த தலித்துகள், தங்கள் தெருவில் கட்டிய ஆலயத்தைத் தனிப்பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் வன்னியர் இருவர் இறந்தனர். இறந்தவர்களும் நம்மைப் போல உழைப்பாளிகள். சாதி அவர்களுக்கும் எதையும் கொடுக்கவில்லை.

அப்போது சிலர் கேட்டார்கள்: சமத்துவம் பேசுகிற தலித்துகளே தனி ஆலயம் கேட்பது பிரிவினை ஆகாதா? இக்கேள்விக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர்களை இடம் மாறச் சொல்லி இழுத்து எழுப்பினார்கள். ரிச்சர்ட் ஆலனும் அப்சலம் ஜோன்சும் தோழர்களோடு வெளியேறினார்கள். 1794இல் ஆலன் பெத்தேல் ஆலயத்தைத் திறந்தார். 1816இல் அது ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையாக விரிந்தது. அடிமைத்தன எதிர்ப்பு முதல் குடியுரிமைப் போராட்டம் வரை அந்தச் சபைகள் மக்களுக்குத் தாய்வீடாயின.

தள்ளி உட்கார் என்று ஒருவர் சொல்வதும், எனக்கு என் வீடு வேண்டும் என்று ஒருவர் கேட்பதும் ஒன்றல்ல. முன்னது பிறர் கையிலிருக்கும் கதவு. பின்னதில் கதவு தன் கையில் இருக்கிறது. அந்தக் கதவைத் தலித்துகள் எவர் முகத்திலும் சாத்தவில்லை.

ஒரு உலை

மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு, மக்கள் அன்போடு அழைத்த பரட்டை அண்ணன், 'ஒரு உலை' என்ற கருத்தை முன்வைத்தார். ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்து உண்பவர்கள் ஒரு குடும்பம் என்பது கிராமத்துப் புரிதல். உலை பிரிந்தால் குடும்பம் பிரிந்தது. திருவிருந்தை அவர் அந்த அடுப்பங்கரை மொழியில் விளக்கினார்; நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 1847இல் மதுரை மிஷன் கட்டளையாகச் செய்ததை, நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு தலித் இறையியலாளர் நம் பண்பாட்டின் உள்ளிருந்து எடுத்துச் சொன்னார். கட்டளைக்குப் பணிந்து ஒருநாள் உண்டு மறந்துவிடலாம். உலையை மறந்துவிட்டுப் போக முடியாது, நாளைக்கும் பசிக்கும்.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் ஊரில் உள்ள சபை எதுவானாலும், நம் இயக்கங்களும் மன்றங்களும் உட்பட, இந்த ஐந்தைக் கேட்டு எழுதிவாருங்கள். புதிதாக வந்தவர் எங்கே உட்கார்கிறார்? அவர் சமைத்ததை எல்லாரும் உண்கிறார்களா? அவர் வீட்டுக்கு யார் போகிறார்கள், தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்களா? கணக்கும் முடிவும் யார் கையில்? இறந்தவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள்? கல்லறைச் சுவரை அளந்து குறியுங்கள், பழைய பதிவேடுகளைப் பிரதியெடுங்கள், பாட்டிமார் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள். நீதிமன்றம் சூசையிடம் கேட்ட சான்று அதுதான். அவர் செருப்புத் தைத்துக்கொண்டே அதைத் திரட்டியிருக்க முடியாது; நம்மால் முடியும்.

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தாம் தீட்சை பெற்ற கையோடு, கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களுக்கும் தாமே தீட்சை கொடுத்தார். எவரையும் காத்திருக்க வைக்கவில்லை, நோக்கத்தைச் சோதிக்கவில்லை. இருபத்திரண்டு உறுதிமொழிகளை அவரோடு சேர்ந்து சொன்ன அந்த நிமிடமே வந்தவர்கள் அனைவரும் அந்த வீட்டின் உரிமைக்காரர்கள் ஆனார்கள்.

மறைந்த தோழருக்கு நம் அஞ்சலி. கூட்டம் முடிந்ததும் இங்கே சமைத்த சோறு இருக்கிறது. எல்லாரும் உட்கார்ந்து உண்டுவிட்டுப் போகவேண்டும்.

ஜெய்பீம்.